ஆமென் சொன்னவர் கயிறு பிடிக்க வேண்டும்

என் வீட்டுக்காரர் குடித்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டுத் தொட்டிக்குள் விழுந்து செத்தார் என்றுதான் காண்ட்ராக்டர் போகிற இடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறான். அவர் வாயில் யாராவது சாராயத்தை ஊற்றியிருந்தால், துப்பிவிட்டு, ஊற்றினவன் சட்டையிலேயே வாயைத் துடைத்திருப்பார். அப்படிப்பட்ட ஆள்.

அவர் செத்தது காற்று இல்லாமல்.

எங்களுக்கு எண்ணெய்த் தொட்டி கழுவுகிற வேலை. தரைக்கடியில் புதைத்த பெரிய இரும்புத் தொட்டிகள். சமையல் எண்ணெய் வந்து இறங்கும், லாரியில் ஏறிப் போகும். அடியில் கசடு தங்கிவிடும். அது தண்ணீரோடு சேர்ந்து அழுகிப் புளித்து, உள்ளே இருக்கிற நல்ல காற்றையெல்லாம் தின்றுவிடும். அதனால் மூடியைத் திறந்ததும் ப்ளோயரை வைத்து, தும்பிக்கை மாதிரி குழாயை உள்ளே விட்டு, வெளிக்காற்றை ஊத வேண்டும். ஆள் உள்ளே இருக்கிற வரைக்கும் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு. அதன் மறுமுனை மேலே நிற்கிறவர் கையில்.

இறங்கினவர் வாயை மூடக்கூடாது. உள்ளே கும்மிருட்டு. மேலே நிற்பவருக்கு ஆள் தெரியாது, குரல்தான் தெரியும். குரல் நின்றால் கயிற்றை இழுக்க வேண்டும். அதனால் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். சிலர் பாடுவார்கள். சிலர் மாமியாரைத் திட்டுவார்கள், அன்றைக்கு வேலை சீக்கிரம் முடியும். எங்கள் கூட்டத்தில் ஒருத்தருக்கு ஊமை என்றே பெயர். தூக்கத்தில்கூட வாய் மூடாத மனிதர் என்பதால் வைத்த பெயர்.

என் வீட்டுக்காரர் உள்ளே இறங்கினால் ஆண்டவரோடு பேசுவார். கண்ணை மூடி, குரலை இழுத்துப் பேசுகிற ஜெபம் இல்லை அது. பக்கத்தில் ஒருத்தர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பது மாதிரி பேசுவார். “ஆண்டவரே, இந்த முதுக நீர் மண்ணுலதானே செஞ்சீர்? கொஞ்சம் நல்ல மண்ணாப் பாத்து எடுத்திருக்கக் கூடாதா?” என்பார். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் சிரிப்பேன். “சிரிக்கிறா பாரும், அவளையும் நீர்தான் கட்டி வச்சீர்” என்று உள்ளேயிருந்து வரும்.

அவர்தான் கூட்டத்துக்கு மேஸ்திரி. அவர் கொண்டுவந்த ஒரு வழக்கம் உண்டு. தொட்டி வாயில் நின்று யார் ஜெபிக்கிறாரோ அவர்தான் முதலில் இறங்க வேண்டும். யார் சத்தமாக ஆமென் சொல்கிறாரோ அவர் கயிறு பிடிக்க வேண்டும். முன்பு ஒரு ஆள் இருந்தான். அருமையாக ஜெபிப்பான், கேட்கிறவர்களுக்குக் கண்ணீர் வரும். ஜெபித்து முடித்ததும் அடுத்தவனை இறங்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகித்தான் இவர் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார். அப்புறம் எங்கள் ஜெபமெல்லாம் ரொம்பச் சின்னதாகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் மனசிலிருந்து வந்தது.

அன்றைக்கு எனக்கு பீப்பாய் கழுவுகிற இடத்தில் வேலை. கயிறு ஊமையின் கையில். ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது. காண்ட்ராக்டரின் ஆட்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் அதைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊமை கத்தியிருக்கிறார். “ஆள் உள்ள இருக்கான், ஆள் உள்ள இருக்கான்.” “அதான் இவ்வளவு நேரம் ஊதியாச்சே” என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே என் வீட்டுக்காரர் மேலே ஏறுவதற்காக ஏணிப்பக்கம் வந்துகொண்டே பேசியிருக்கிறார். கையில் இருந்த கசடு சுரண்டியின் பிடி கழன்றுவிட்டது போல. “ஆண்டவரே, இந்தச் சுரண்டிக்குப் பிடி போட்டவன” என்று சத்தம் வந்தது. அதோடு நின்றது.

ஊமை இழுத்தார். இவர் கால் ஏணியில் மாட்டிக்கொண்டது. ஆட்கள் ஓடிவந்து சேர்ந்து இழுத்து மேலே கொண்டுவந்தபோது முகம் நீலமாக இருந்தது.

ப்ளோயர் எங்கே போனது தெரியுமா? காண்ட்ராக்டர் புது வீடு கட்டியிருந்தான். மறுநாள் வீட்டு ஜெபம். சுவருக்கு அடித்த பெயின்ட் காயவில்லை. அதற்காக.

அந்த வீட்டு ஜெபத்தில் நன்றி சொல்லிப் பாடினார்களாம். இங்கே நான் பிணத்தின் காது மடலிலிருந்து கசடு துடைத்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது எங்கள் லைன் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். வெல்டர் ஒருத்தர்தான் தொழிலாளர் ஆபீசுக்குப் போய்ச் சொன்னார். வீடு திரும்பும் வழியில் அவரை இழுத்துப்போட்டு காலை உடைத்தார்கள். அதற்குப் பிறகு லைனில் விளக்கு வைத்ததும் கதவுகள் சாத்திக்கொண்டன. துக்கம் கேட்க வருகிறவர்கள்கூட வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே கேட்டுவிட்டுப் போனார்கள். காண்ட்ராக்டரிடம் ரெண்டு பேர் உண்டு, எப்போதும் சலவை செய்த வெள்ளைச் சட்டை. பைக்கில் வருவார்கள். ஒரு நாள் என் வாசலில் நிறுத்தி, குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பித் தரும்போது ஒருத்தன் கேட்டான்.

“பாப்பா ஸ்கூல் விட்டுத் தனியாத்தான் வருதா அக்கா?”

அவ்வளவுதான் கேட்டான். சிரித்த முகமாகத்தான் கேட்டான். அந்தச் சொம்பை அப்புறம் நான் அடுப்படியில் வைக்கவில்லை.

பயம் என்றால் என்னவென்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் வேலையில் பயம் புதிதில்லை. ஆனால் அது தொட்டிக்குள் இருக்கிற பயம், மேலே ஏறி வந்தால் போய்விடும். இது வீட்டுக்குள் வந்து பாயில் கூடவே படுத்துக்கொண்டது. ஜெபிக்க வாய் வரவில்லை. ஆலயத்துக்குப் போனால் முன்வரிசையில் அவன் உட்கார்ந்திருக்கிறான். கூரைக்குத் தகடு வாங்கிப் போட்டவன் அவன்தான். அவன் போட்ட தகட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஆண்டவரைக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் பயத்தைப் பற்றிப் பேசினார். வந்து கொஞ்ச காலமே ஆன, மீசை சரியாக அடர்த்தியாகாத மனிதர். விசுவாசம் இருக்கிற இடத்தில் பயத்துக்கு இடமில்லை என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். முடிந்து வெளியே வந்தபோது காண்ட்ராக்டர் என்னிடம் வந்தான். ஆலயத்தில் எல்லாரையும் பிரதர், சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவான். வேலை நடக்கிற யார்டில் கூப்பிடுகிற பெயர்களை எழுத முடியாது.

“சிஸ்டர், நாளைக்கு அந்தத் தொட்டியக் கழுவுறோம். எண்ணெய் வருது.”

“எந்தத் தொட்டி?”

“அதான், அந்தத் தொட்டி. உங்க கொழுந்தனை இறங்கச் சொல்லியிருக்கேன். பயப்படாதீங்க, நம்ம ஐயாவே நேர்ல வந்து ஜெபம் பண்ணிக் கொடுக்குறார். பயமெல்லாம் போயிடும்.”

“ப்ளோயர் எங்க?”

“அது மோட்டார் காயில் எரிஞ்சுபோய்க் கிடக்கு. மூடி இத்தனை நாள் திறந்துதானே கிடந்துச்சு? காத்து தானா உள்ள போயிருக்கும்.”

போதகர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எதைக் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

கொழுந்தனும் எங்கள் கூட்டத்து ஆள்தான்; அவனிடம் போய்ச் சொன்னேன், போகாதே என்று. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பெண்டாட்டிக்கு வயிற்றில் பிள்ளை. வீடு காண்ட்ராக்டர் கொடுத்த வீடு.

“போகலன்னா வெல்டர் அண்ணன் மாதிரி ஆக்கிடுவாங்க அண்ணி.”

“போனா உங்க அண்ணன் மாதிரி ஆயிடுவ.”

“பாஸ்டர் ஜெபம் பண்ணுறார்ல” என்றான். அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை விடியற்காலை அடுப்பைப் பற்றவைத்துவிட்டு உட்கார்ந்தேன். பாப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். ஜெபிக்க வேண்டும் என்று உட்காரவில்லை. தண்ணீர் கொதிக்கட்டும் என்று உட்கார்ந்தேன். அப்போது வாய் தானாகத் திறந்துகொண்டது.

“உம்மைத்தான் கேக்கிறேன்” என்றேன். “அந்த மனுஷன் வேற யார்கிட்டயும் பேசல, உம்மகிட்டதான் பேசிட்டிருந்தார். பாதிப் பேச்சுல குரல் நின்னுச்சு. மேல இருந்த ஊமை கயித்த இழுத்தார், அவரால ஆனத அவர் செஞ்சார். நீர் என்ன செஞ்சீர்? கயிறு உம்ம கையிலயும்தானே இருந்துச்சு? இப்ப அவன் உம்ம பேரச் சொல்லியே அடுத்த ஆள உள்ள இறக்கப் போறான். உமக்குக் கோபம் வரலியா? கோயிலுக்குள்ள கடை போட்டவங்க மேசைய எல்லாம் தள்ளிவிட்டவர்தானே நீர்? அந்தக் கை இப்ப எங்க போச்சு? எனக்குப் பயமா இருக்கு. என் பிள்ளைய எந்தத் தைரியத்துல ஸ்கூலுக்கு அனுப்புவேன்? உம்மகிட்ட அழ வரல. சண்டை போட வந்திருக்கேன்.”

இன்னும் நிறையச் சொன்னேன். சிலதை எழுத முடியாது. ஆண்டவரிடம் சொல்லக்கூடாத வார்த்தைகள் என்று எங்கள் அம்மா சொல்லித்தந்திருந்த எல்லாவற்றையும் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கொதித்து வழிந்து அடுப்பு அணைந்துபோயிருந்தது. மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை. ஒளி வரவில்லை, சத்தம் வரவில்லை. கூரையும் என் தலையில் இடிந்து விழவில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. வானத்தையும் பூமியையும் படைத்தவரிடம் இவ்வளவு பேசிவிட்டேன், அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவரிடமே பேச முடிந்தது என்றால், பெயின்ட் காயவைக்க ஆளைக் கொன்றவனிடம் பேச எனக்கு என்ன கேடு?

பயம் போகவில்லை, அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொருத்தரும் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பாப்பாவை எழுப்பி, அழைத்துக்கொண்டு வெல்டர் வீட்டுக்குப் போனேன். அவர் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“பாப்பாவ நான் பாத்துக்கிறேன் அண்ணி. ஸ்கூல் கேட்லயே உக்காந்துக்கிறேன். பிச்சைக்காரன்னு நினைச்சு யாராவது காசு போட்டா ஆளுக்குப் பாதி.”

“அவனுங்க வந்தா?”

“உடைக்க இன்னும் ஒரு கால் பாக்கி இருக்கு. அதுவரைக்கும் கத்துவேன். ஊரே கூடிடும்.”

அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பாப்பாவோடு நடந்தார். பாப்பா அவருடைய மெதுவான நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு போனாள். நான் யார்டுக்குப் போனேன்.

தொட்டியின் மூடி திறந்து ஓரமாகக் கிடந்தது. வாயிலிருந்து புளித்த வாடை வந்துகொண்டிருந்தது. கூட்டத்து ஆட்கள் எல்லாரும் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். அந்த வாயை யாரும் நேராகப் பார்க்கவில்லை. ஊமை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

காண்ட்ராக்டர் காரில் போதகரை அழைத்து வந்தான். அவருக்கு உட்கார நாற்காலி, கையில் குளிர்ந்த தண்ணீர் பாட்டில். அவர் எங்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னார். வெள்ளையும் சள்ளையுமாக வந்து தொட்டி வாயருகே நின்று, கையை உயர்த்தி ஜெபிக்க ஆரம்பித்தார். நல்ல ஜெபம்தான். இந்தத் தொழிலாளர்களைச் சிறகுகளின் கீழ் மறைத்துக்கொள்ளும் என்றார். ஆபத்தை அகற்றும் என்றார். இறந்துபோன சகோதரனின் குடும்பத்துக்கு ஆறுதல் கேட்டார். கடைசியில் காண்ட்ராக்டரின் தொழிலை ஆசீர்வதிக்கச் சொல்லி முடித்தார்.

“ஆமென்” என்றான் காண்ட்ராக்டர். எல்லாருக்கும் மேலே அவன் குரல்தான் கேட்டது.

கொழுந்தன் கயிற்றை எடுத்தான். நான் போய் அவன் கையிலிருந்து அதை வாங்கினேன்.

“அண்ணி, விடுங்க.”

“நீ தள்ளு.”

போதகரிடம் போனேன். “ஐயா, கையக் கொஞ்சம் தூக்குங்க.”

அவர் இன்னொரு ஜெபம் கேட்கிறேன் என்று நினைத்துக் கையைத் தூக்கினார். இடுப்பில் கயிற்றைச் சுற்றினேன்.

“என்னம்மா இது?”

“இங்க ஒரு வழக்கம் உண்டுங்க ஐயா. தொட்டி வாயில ஜெபம் பண்ணுறவர்தான் முதல்ல இறங்கணும். இங்க செத்துப்போன மேஸ்திரி வச்சது.” முடிச்சை இறுக்கினேன். கயிற்றின் மறுமுனையைக் காண்ட்ராக்டர் காலடியில் போட்டேன். “பிரதர், ஆமென் நீங்க சொன்னீங்க. கயிறு உங்களுக்கு.”

காண்ட்ராக்டர் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினான். “என்ன விளையாட்டு இது? புருஷன் போன துக்கத்துல புத்தி கெட்டுப்போச்சா? டேய், அவள அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்கடா.”

யாரும் அசையவில்லை. எனக்கு ஆதரவாக அசையாமல் நின்றார்கள் என்று சொல்லமாட்டேன். எந்தப் பக்கம் அசைந்தாலும் அடி விழும் என்று நின்றார்கள்.

“வழக்கம் அதுதான்” என்றார் ஊமை.

காண்ட்ராக்டர் திரும்பிப் பார்த்தான்.

“ஜெபிக்கிறவர் இறங்கணும், ஆமென் சொல்றவர் புடிக்கணும்” என்றார் ஊமை. பேச ஆரம்பித்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது. “மேஸ்திரி அன்னைக்கு அவரே ஜெபிச்சார், நான் ஆமென் சொன்னேன், நான்தான் புடிச்சேன். ப்ளோயரக் கழட்டிட்டுப் போனது உங்க ஆளுங்க. ஆள் உள்ள இருக்கான்னு கத்துனேன். சாராயமும் இல்ல ஒண்ணும் இல்ல. இத ஆபீஸ்ல வந்து சொல்லுன்னு வெல்டர் கூப்பிட்டப்ப நான் போகல, பயந்து கதவ சாத்திக்கிட்டேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு.”

போதகர் தொட்டி வாயைப் பார்த்தார். வாடை அப்போதுதான் அவர் மூக்கில் சரியாக ஏறியிருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது.

“அம்மா, உள்ள காத்து இருக்கா?”

“ஜெபம் பண்ணினது நீங்க. நீங்கதான் ஐயா சொல்லணும்.”

அவர் காண்ட்ராக்டரைப் பார்த்தார். “பிரதர், உள்ள காத்து இருக்கா?”

“ஐயா, இவங்க பேச்ச எல்லாம் நீங்க ஏன் பெருசா எடுத்துக்குறீங்க? வாங்க, வண்டியில ஏறுங்க.”

“இருக்கா இல்லயா?”

“இருக்கும் ஐயா. இருக்கும்.”

போதகர் குனிந்து செருப்பைக் கழற்றினார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். ஏணியின் மேல்படியைப் பிடித்துக்கொண்டு தொட்டி வாயில் ஒரு காலை வைத்தார். கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

“கயித்தப் பிடிங்க பிரதர். நான் இறங்குறேன்.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவரை அவமானப்படுத்தித் துரத்த வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு கணம், இறங்கட்டுமே என்றுகூட நினைத்தேன். நல்ல வார்த்தைகள் கொண்டுவந்தவர், அந்த வார்த்தைகளோடு உள்ளே போகட்டுமே என்று.

“வேணாம் ஐயா” என்று காண்ட்ராக்டர் பதறிக்கொண்டு முன்னால் வந்தான். “இறங்காதீங்க.”

“ஏன் வேணாம்?” என்றேன்.

அவன் தொட்டி வாயைப் பார்க்காமல் காரைப் பார்த்தான்.

“சொல்லுங்க பிரதர். காத்து இருக்குன்னீங்க. கசடுதானே, எண்ணெய்தானே? ஏன் அவர் இறங்க வேணாம்? அவர் செத்தா குடிச்சிருந்தார்னு சொல்ல முடியாதுன்னா? அவருக்கு வேணாம்னா என் கொழுந்தனுக்கு மட்டும் எப்படி வேணும்? அவனுக்கும் மூக்குல ரெண்டு ஓட்டைதான். என் வீட்டுக்காரருக்கும் ரெண்டுதான் இருந்துச்சு.”

என் குரல் எனக்கே பழக்கமில்லாததாக இருந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் அழுதிருப்பேன்.

அவன் கயிற்றைத் தொடவில்லை. கயிறு அவன் காலடியில் கிடந்தது. கூட்டம் முழுக்க அதைப் பார்த்தது.

நானே குனிந்து எடுத்தேன். “ஏறி வாங்க ஐயா” என்று போதகரை இழுத்தேன். “உங்கள உள்ள அனுப்புறதுக்கு நான் இங்க நிக்கல. யாரும் இறங்கக்கூடாதுன்னு நிக்கிறேன்.”

அவர் ஏறி வந்து மூடியின்மேல் உட்கார்ந்தார். தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டார். கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. எங்கள் முடிச்சு அப்படி. இழுக்க இழுக்க இறுகும். அவிழ்த்துவிடுங்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் அவிழ்க்கவில்லை.

காண்ட்ராக்டர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான். யாரைக் கூப்பிடுகிறான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. கொழுந்தன் என் பக்கத்தில் வந்து நின்றான். “ஓடிடலாமா அண்ணி?” என்றான். “எங்க ஓடுறது? உக்காரு” என்றேன். தொட்டி வாயைச் சுற்றி உட்கார்ந்தோம். ஊமை உட்கார்ந்தார். இன்னும் சிலர் உட்கார்ந்தார்கள். சிலர் பின்னால் நழுவிப் போனார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் அது பொய், சொல்லத்தான் செய்தேன், மனசுக்குள்.

உச்சிவெயில் சாய்ந்த பிறகு பைக் வந்தது. வெள்ளைச் சட்டைகள் இறங்கி, எங்களைச் சுற்றி ஒரு சுற்று நடந்தார்கள். ஒருத்தன் கையில் இரும்புக் குழாய் இருந்தது. அதைத் தரையில் தட்டிக்கொண்டே வந்தான். அன்றைக்குப் பாப்பாவைப் பற்றிக் கேட்டவன் என் எதிரில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான்.

“என்னக்கா, ஸ்கூல் விடுற நேரமாகப் போகுதே. பாப்பா தேடாதா?”

எழுந்து ஓடிவிட வேண்டும் என்று கால் துடித்தது. கையில் கயிறு இருந்தது. அதை இறுகப் பிடித்தேன். தொட்டிக்குள் இருப்பவர் என்ன செய்வார்? வாயை மூடமாட்டார். அதுதான் நினைவுக்கு வந்தது.

“ஸ்கூல் கேட்ல வெல்டர் உக்காந்திருக்கார்” என்றேன். “நீங்க உடைச்சது காலைத்தான். வாய மறந்துட்டீங்க.”

பிறகு கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்த்தபடி, சத்தமாக ஆரம்பித்தேன்.

“ஆண்டவரே, இவன் கையில இருக்கிற குழாயப் பாத்துக்கிட்டீரா? எனக்குப் பயமா இருக்கு, உமக்குத் தெரியும். என் கொழுந்தனுக்குப் பயமா இருக்கு. இந்த ஐயாவுக்குக் கால் இன்னும் நடுங்குது. இவன் சட்டைய வெளுத்து வச்சிருக்கான், உள்ள இருக்கிறத நீர்தான் வெளுக்கணும். காத்து இல்லாம யாரும் இறங்கமாட்டோம். உம்ம பேரச் சொல்லி யாரையும் இறக்க விடமாட்டோம். நீர் எங்ககூட இங்க, இந்த அழுக்குத் தரையில உக்காரும். நாற்காலி காண்ட்ராக்டர் பக்கம் இருக்கு, அங்க போயிடாதேயும்.” மூச்சு வாங்கியது. நிறுத்தக்கூடாது என்று மட்டும் இருந்தது. வாய்க்கு வந்தது அவருடைய வார்த்தை. “ஆண்டவரே, இந்தச் சுரண்டிக்குப் பிடி போட்டவன...”

எனக்கும் அங்கேயே நின்றுவிட்டது.

“போட்டது நான்தான் அண்ணி” என்றார் ஊமை. அழுதுகொண்டே சொன்னார். “ஆணி சின்னது. அவர் அப்பவே திட்டினார்.”

யாரோ ஒருத்தர் சிரித்துவிட்டார். அது அடக்க முடியாத சிரிப்பு, பாதி அழுகை. அப்புறம் கொழுந்தன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு முதல் தடவை. குழாய் வைத்திருந்தவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பயப்படுகிறவர்களை அடித்துப் பழகினவன், சிரித்து அழுகிறவர்களை எங்கே அடிப்பது என்று தெரியாமல் காண்ட்ராக்டரைப் பார்த்தான்.

போதகர் எழுந்தார். இடுப்பில் கயிறோடுதான். என் முன்னால் வந்து, அந்தக் குழாய்க்கும் எனக்கும் நடுவில் நின்றார். பிறகு திரும்பாமலே, “ஆமென்” என்றார்.

மற்றவர்களும் சொன்னார்கள்.

காண்ட்ராக்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். எண்ணெய் லாரிகள் வழியில் இருந்தன. போதகரை அடித்தால் கோயிலில் முன்வரிசை போய்விடும். ஏதோ கெட்ட வார்த்தையை மென்று விழுங்கிவிட்டு, மறுபடி போனை எடுத்தான். இந்தத் தடவை வேறு யாருடனோ பேசினான்.

பொழுது சாய்வதற்குள் ஒரு வண்டி வந்தது. பின்னால் ப்ளோயர். வாடகைக்கு வந்தது, பச்சைப் பெயின்ட், நல்ல மோட்டார். இறக்கிவைத்து, குழாயை உள்ளே விட்டு, சுவிட்சைப் போட்டார்கள். காற்று உள்ளே போக ஆரம்பித்தது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரியும். எனக்கு வந்தது கோபம்தான். காலையிலிருந்து வந்த கோபத்தையெல்லாம் ஒன்றுமில்லாமல் ஆக்குகிற கோபம். ஒரு போன். ஒரே ஒரு போனில் வந்து நின்றது இந்தக் காற்று. அன்றைக்கு அந்த ஒரு போனைப் பேசியிருந்தால் என் மனுஷன் வீட்டுக்கு வந்திருப்பார், முதுகு வலிக்கிறது என்று என் உயிரை வாங்கியிருப்பார்.

நிறைய நேரம் ஊதவிட்டோம். காண்ட்ராக்டர் அவசரப்படுத்தினான். நான் அவன் பக்கம் திரும்பவில்லை. ப்ளோயருக்குப் பக்கத்தில் ஊமை சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். இனி அதை எடுக்க வேண்டும் என்றால் அவரையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும்.

போதகரின் இடுப்பு முடிச்சை அவிழ்த்தேன். சட்டை முழுக்க எண்ணெய்க் கறை.

“நாளைக்குத் தொழிலாளர் ஆபீசுக்குப் போவீங்களாம்மா?” என்றார்.

“ஊமையும் நானும் போறோம். வெல்டரையும் தூக்கிட்டுப் போறோம்.”

“நானும் வர்றேன். இங்க பாத்ததச் சொல்றேன்.” கொஞ்சம் தயங்கினார். “கூரை போட்டவர் கோவிச்சுக்குவார்.”

“மழை வந்தா நனைவோம் ஐயா. வாங்க. ஆனா நம்ம வழக்கம் தெரியுமில்ல? ஜெபம் பண்ணுறவர்தான் முன்னால போகணும்.”

அவர் தலையாட்டினார். சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

கொழுந்தன் கயிற்றைக் கட்டிக்கொண்டு தொட்டி வாயில் நின்றான். அவன்தான் ஜெபித்தான். ரெண்டு வார்த்தை. “பாத்துக்கும், ஆண்டவரே.” நான் ஆமென் சொன்னேன். கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டேன். வெள்ளைச் சட்டைகள் கேட்டருகே பைக்கில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கும் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அவன் ஏணியில் இறங்கினான். தலை மறைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. ப்ளோயர் சத்தம் மட்டும்.

“டேய், வாயத் திற” என்றேன்.

“என்ன பேசுறதுன்னு தெரியல அண்ணி” என்று உள்ளேயிருந்து வந்தது.

“என்கிட்டப் பேசாத. அவர்கிட்டப் பேசு.”

“ஆண்டவரே” என்று ஆரம்பித்தான், கூச்சத்தோடு. “இங்க ரொம்ப வழுக்குது. அப்புறம், இந்தச் சுரண்டிக்கு நல்ல ஆணியா அடிச்சிருக்காங்க. அத எங்க அண்ணன்கிட்டச் சொல்லிடும்.”

நிறுத்தாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் நிறுத்தவில்லை.